கல்லூரி அணிக்குக் கத்துவது கிறுக்குத்தனமா?

“சின்னப் பசங்க விளையாட்டு சார் அது. நாலு வருஷம் ஆடிட்டு அவனவன் வேலையப் பாத்துக்கிட்டுப் போயிடுவான். அதுக்குப் போய் இந்த வயசுல தொண்டை கிழியக் கத்துவாங்களா?”

அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அணிக்குத் தீவிர ரசிகராக இருக்கும் எவரும் இதைக் கேட்டிருப்பார். சொல்பவர் நம்மவராக இருக்கலாம், அந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம், சாரம் ஒன்றுதான். கேட்டதும் தலையாட்டத் தோன்றும் அளவுக்கு நியாயமாகவும் ஒலிக்கும். அதனால் அதை முழுப் பலத்தோடு முதலில் எடுத்து வைக்கிறேன்.

கல்லூரி அணி என்பது ஒரு பெயரும் ஒரு ஜெர்சியும்தான். உள்ளே இருக்கும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டத்தின் தரம் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்லுக்குக் கீழே. அணியை நடத்துவது பல்கலைக்கழகம். ரசிகரின் பிரியம் அதற்கு நன்கொடை வாங்கும் வழி. அங்கே படித்தவர் கத்தினாலாவது ஒரு காரணம் உண்டு. படிக்காதவர் கத்துவது வேடிக்கை. போதாக்குறைக்கு, எதிரணியை வசைபாடும் கும்பல் புத்தி. கடைசியாக, ரசிகர் வெறும் பார்வையாளர். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அணிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. மொத்தமும் தவறு.

ஹாக்கி என்றதும் நமக்குப் புல்தரையும் தயான்சந்தும் நினைவுக்கு வருவார்கள். இது உறைந்த தளத்தில், ஸ்கேட் கட்டிக்கொண்டு, ரப்பர் வட்டான ‘பக்’கை அடித்து ஆடுவது. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் அறுபதுக்கும் சற்று அதிகமான ஆண்கள் அணிகள் ஆடுகின்றன. அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். பெரும்பாலும் வெள்ளி, சனி இரவுகளில் ஆட்டம். முடிவில் 16 அணிகள் நாக்-அவுட் முறையில் மோதி, மிஞ்சும் நான்கு ‘ஃப்ரோசன் ஃபோர்’ என்ற கட்டத்துக்குப் போகும். ஆண்களுக்கான தேசியப் போட்டி 1948 முதலும் பெண்களுக்கானது 2001 முதலும் நடக்கின்றன. நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழக அணியை அடிக்கடி உதாரணம் காட்டப்போகிறேன். நான் பரிந்து பேசும் ரசிகர்களில் மிகவும் விடாப்பிடியானவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

1. ஆட்கள் மாறிவிடுகிறார்களாம். மாறட்டுமே?

நான்கு வருஷம் என்பதுகூடப் பழைய கணக்கு. மாக்லின் செலப்ரினி பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆடியது 2023-24 என்ற ஒரே சீசன். கல்லூரி ஹாக்கியின் உச்ச விருதான ஹோபி பேக்கரை வாங்கினார். அதே கோடையில் என்.எச்.எல். டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு சான் ஹோசே அணிக்குப் போய்விட்டார். எதிர்வாதத்துக்கு நானே கூடுதல் சாட்சி தருகிறேன்.

ஆனால் அந்த வாதம் ஒரு விஷயத்தைக் கேள்வியே இல்லாமல் எடுத்துக்கொள்கிறது: ஆட்டக்காரர்கள்தான் அணி என்று. கார்னெலின் லைனா ரிங்குக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவு போய்ப் பாருங்கள். 1957இல் திறந்த கட்டடம், 4,267 பேருக்கு இடம். எதிரணி ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிக்கத் தொடங்கியதும் மாணவர் பகுதி மொத்தமும் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பெயருக்கும் “போரிங்!” என்று அலுப்போடு ஒரு கோரஸ். வாசித்து முடித்ததும் தாள்கள் கசங்கிப் பந்தாகும். தேசிய கீதத்தில் சிவப்பைக் குறிக்கும் சொல் வரும் இடத்தில் அரங்கமே ஒரே குரலில் “ரெட்!” என்று கத்தும், அது அணியின் நிறம். ஹார்வர்டு அணி வந்தால் பனித்தளத்தில் மீன் வந்து விழும். நிஜ மீன். 1970களில் ஹார்வர்டு ரசிகர்கள், கார்னெலில் வேளாண் கல்லூரி இருப்பதைக் கிண்டலடிக்க ஒரு கோழியை வைத்து விளையாடினார்கள். மீன் அதற்கான பதிலடி. துறைமுக நகரத்து மேட்டுக்குடியினருக்கு மீன்தானே பொருத்தம்?

அன்று மீன் எறிந்தவர்களுக்கு இன்று எழுபது வயதைத் தாண்டியிருக்கும். இன்று எறிபவர்களின் பெற்றோரில் பலர் அன்று பிறந்தே இருக்கமாட்டார்கள். நடுவில் எத்தனை தலைமுறை ஆட்டக்காரர்கள் வந்து போயிருப்பார்கள்? அவர்கள் யாரும் இதைக் கைமாற்றித் தரவில்லை. கேலரி தந்தது. முதலாமாண்டு மாணவருக்கு நான்காமாண்டு மாணவர் சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் முப்பது வருஷமாக சீசன் டிக்கெட் வைத்திருக்கும் ஊர்க்காரர், மாணவர்கள் விடுமுறைக்குப் போய்விட்ட ஜனவரியில் தானே கத்தினார்.

சரி, ஆட்கள் நிலையாக இருக்கும் அணிதான் வேண்டும் என்றால் எங்கே போவது? ஐ.பி.எல்.லில் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை மெகா ஏலம் போட்டு அணியையே கலைத்துப் போடுகிறார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 இரண்டு வருஷம் தடையில் ஆடவே இல்லை. 2018இல் திரும்பியதும் மஞ்சள் சட்டைகள் தயாராக நின்றன. அதைப் பக்தி என்று மெச்சுபவர் இதை மட்டும் கிறுக்கு என்பது எப்படி?

தொழில்முறை ஹாக்கியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அணியே மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் 1993இல் டல்லஸுக்குப் போனது. ஹார்ட்ஃபர்டு வேலர்ஸ் 1997இல் கரோலினாவுக்குப் போனது. அரிசோனாவில் நடந்ததை எழுதிவைத்தால் கட்டுக்கதை என்பார்கள். அங்கே என்.எச்.எல். அணியான கயோட்டிஸுக்கு ஆட இடம் இல்லாமல் போய், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 5,000 இருக்கை கொண்ட புத்தம்புது மல்லெட் அரங்கில் இரண்டு சீசன் ஒண்டுக்குடித்தனம் நடத்தினார்கள். 2024இல் ஆட்டக்காரர்கள், கோச் எல்லாரும் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரரான கல்லூரி அணி அதே அரங்கில் ஆடிக்கொண்டிருக்கிறது. கல்லூரி அணியை இழுத்து மூடலாம் (அதற்குக் கடைசியில் வருகிறேன்). இன்னொரு ஊருக்கு விற்க முடியாது.

2. தரம் குறைவு என்பவருக்கு எந்தத் தரம் போதும்?

இந்த ஆட்சேபத்துக்குக் கல்லூரி ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலை நான் சொல்லமாட்டேன். என்.எச்.எல். ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கல்லூரியிலிருந்து வந்தவர், 1980இல் லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் சோவியத் அணியை 4-3 என்று சாய்த்த அமெரிக்க அணியின் 20 பேரும் கல்லூரி ஹாக்கியில் வளர்ந்தவர்கள் என்று அடுக்குவார்கள். உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்ன மறுகணமே எதிராளியின் விதியை ஏற்றுக்கொண்டதாகிவிடும். நாளைக்கு என்.எச்.எல்லுக்குப் போவார்கள் என்பதற்காக இன்றைக்குப் பார்க்கிறேன் என்றால், கல்லூரி ஆட்டம் வெறும் நாற்றங்கால். நான் அப்படிப் பார்க்கவில்லை.

உச்சத் தரம் ஒன்றே பார்க்கத் தகுதி என்றால், உலகத்தில் ஒரு லீக்கைத்தான் பார்க்கலாம். அந்த லீக்கிலும் கடைசி இடத்தில் இருக்கும் அணியின் ரசிகர் எதற்கு வருகிறார்? தரத்தை வைத்து அவருக்கு விளக்கம் சொல்லவே முடியாது. எந்த விளையாட்டிலும் ரசிகர் வருவது தோற்றால் என்ன ஆகும், ஜெயித்தால் என்ன ஆகும் என்ற பதைப்புக்காக. அந்தப் பதைப்பு கல்லூரி ஹாக்கியில் அதிகம். காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. என்.எச்.எல். அணி ஒரு சீசனில் 82 ஆட்டம் ஆடும்; பிளேஆஃபில் ஏழு ஆட்டத் தொடர். ஒரு ராத்திரி கால் சறுக்கினால் மறுநாள் சரிக்கட்டலாம். கல்லூரியில் ஆட்டங்கள் அதில் பாதிகூட இல்லை. தேசியப் போட்டியில் ஒரே ஒரு தோல்வி, வீட்டுக்குப் போகலாம்.

கார்னெல் ரசிகரைக் கேளுங்கள். 2023இல் நடப்புச் சாம்பியன் டென்வரை 2-0 என்று வெளியேற்றினார்கள்; ஃப்ரோசன் ஃபோருக்கு ஒரு ஆட்டம் பாக்கி. பாஸ்டன் பல்கலைக்கழகத்திடம் 1-2. 2024இல் மெய்னை வென்று அதே வாசல்படிக்கு வந்தார்கள்; டென்வரிடம் 1-2. 2025இல் மிஷிகன் ஸ்டேட்டை 4-3 என்று வென்று மறுபடி அங்கே. மறுபடி பாஸ்டன், ஓவர்டைமில் 2-3. மூன்று வருஷம், மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கோல். 2025 தோல்வி, 1995 முதல் அணியை வளர்த்த கோச் மைக் ஷேஃபரின் கடைசி ஆட்டமும்கூட. அந்த அணி கடைசியாக ஃப்ரோசன் ஃபோருக்குப் போனது 2003இல். கடைசியாகக் கோப்பை வாங்கியது 1970இல். 2006இல் விஸ்கான்சினிடம் மூன்றாவது ஓவர்டைம் வரை கோலே விடாமல் நின்று 0-1 என்று தோற்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் பார்த்துவிட்டு, “பாஸ் கொடுப்பதில் வேகம் போதாது” என்று விமர்சனம் எழுதுபவரிடம் நான் பேச ஒன்றுமில்லை.

இன்னொன்று. தரம் பிரமிடின் உச்சியில் குவிந்துகிடக்கும் இடத்தில் நடக்காதது இங்கே நடக்கும். கத்தோலிக்கச் சிறு கல்லூரியான ஹோலி கிராஸ் 2006இல் மினசோட்டாவை ஓவர்டைமில் வீழ்த்தியது. பெமிட்ஜி ஸ்டேட் 2009இல் 16 அணிகளில் கடைசி இடம் பிடித்து உள்ளே வந்து ஃப்ரோசன் ஃபோர் வரை போனது. 2023 இறுதி ஆட்டத்தில் குவினிப்பியாக், மினசோட்டாவை ஓவர்டைம் தொடங்கிய 10ஆவது விநாடியில் முடித்தது. தண்ணீர் பாட்டிலைக் கீழே வைக்கும் நேரத்தில் ஒரு சீசன் முடிந்துவிட்டது.

3. பல்கலைக்கழக விளம்பரத்துக்கு ரசிகர் கூலியில்லாத ஆளாம்.

ஆறில் இதுதான் கொஞ்சம் கனமான ஆட்சேபம். பல்கலைக்கழகங்கள் அணியை வைத்துப் பணம் திரட்டுவது பொய்யில்லை. 2021 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றான பிறகு காசின் நடமாட்டம் இன்னும் கூடியிருக்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்கில் ஆடியவர்களும் கல்லூரிக்கு ஆடலாம் என்ற விதி வந்தது. வந்த வேகத்தில் கேவின் மெக்கென்னா என்ற பதின்வயது நட்சத்திரம் பென் ஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தார். விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத ஐவி லீக் கல்லூரிகள் இந்தச் சந்தையில் என்ன செய்யப்போகின்றன என்பது நல்ல கேள்வி. அவற்றில் ஒன்றான கார்னெல் விளையாட்டுக்காக ஒரு டாலர் உதவித்தொகைகூடத் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவதுதான்.

ஆனால் இதிலிருந்து ரசிகர் விளம்பரத்தின் கைப்பாவை என்று எப்படி வரும்? நிர்வாகம் காசுக்குப் பின்னால் போன ஒவ்வொரு தடவையும் எதிரே நின்றது யார் என்று பாருங்கள்.

2010இல் டெர்ரி பெகுலா என்ற பணக்காரர் ஹாக்கி அணி தொடங்க பென் ஸ்டேட்டுக்கு 8.8 கோடி டாலர் கொடுத்தார். நல்ல காரியம்தான். விளைவு வேறு இடத்தில் இடித்தது. பென் ஸ்டேட்டையும் சேர்த்து, பிக் டென் என்ற பெரிய பல்கலைக்கழகக் கூட்டமைப்பிடம் ஆறு ஹாக்கி அணிகள் சேர்ந்துவிட்டன. 2013இல் சொந்தமாக ஹாக்கி லீக்கைத் தொடங்கிவிட்டது. தொலைக்காட்சிக்கு நல்ல சரக்கு. மிஷிகனும் மினசோட்டாவும் பழைய லீக்குகளை விட்டுப் போக, ஒரு லீக் கலைந்தே போனது. இன்னொன்று பழைய அணிகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. மினசோட்டாவும் நார்த் டகோட்டாவும் வருஷா வருஷம் முட்டிக்கொண்ட, இரண்டு மாநிலத்துக்கும் பங்காளிச் சண்டை போல இருந்த தொடர் லீக் அட்டவணையிலிருந்து மறைந்தது. இதைக் கேட்டுக் கொதித்தவர்கள் ரசிகர்கள். ஜெர்சி விற்பனைக் கணக்கு பார்த்தவர்கள் கொதிக்கவில்லை.

இன்றும் அதே கதைதான். தேசியப் போட்டியின் முதல் சுற்றுகளை ஆண்கள் பிரிவில் பொது ஊர் அரங்குகளில் நடத்துகிறார்கள். பல வருஷம் பாதி இருக்கை காலியாகக் கிடக்கும். தரவரிசையில் மேலே உள்ள அணியின் சொந்த ரிங்கிலேயே நடத்துங்கள், அரங்கம் நிரம்பும், பெண்கள் பிரிவில் அப்படித்தானே நடக்கிறது என்று வருஷக்கணக்காகக் கேட்பவர்கள் ரசிகர்கள். விளம்பரத்துக்கு ஏமாந்தவர் விளம்பரதாரரிடம் இப்படி மல்லுக்கட்டமாட்டார். நிர்வாகத்துக்கு வேண்டியது வாடிக்கையாளர். வாடிக்கையாளர் பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போவார். ரசிகர் போகவும் மாட்டார், சும்மா இருக்கவும் மாட்டார்.

4. அங்கே படிக்கவில்லையே நீங்கள்!

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. இந்த அணிகளில் பல இருப்பது சிறு ஊர்களில்: இத்தாக்கா, மெய்னில் ஓரோனோ, மிஷிகனின் வடமுனையில் ஹோட்டன், கனடா எல்லையில் சூ செயின்ட் மேரி. நவம்பரில் விழும் பனி ஏப்ரல் வரை கிடக்கும். பக்கத்தில் தொழில்முறை அணி எதுவும் கிடையாது. சூ செயின்ட் மேரியில் இருக்கும் லேக் சுப்பீரியர் ஸ்டேட், மற்ற விளையாட்டுகளில் இரண்டாம் பிரிவில் ஆடும் சிறு கல்லூரி. ஹாக்கியில் 1988, 1992, 1994 என்று மூன்று முறை தேசியச் சாம்பியன். அந்த வெற்றியில் அங்கே பட்டம் வாங்காத மளிகைக்கடைக்காரருக்குப் பங்கில்லை என்று யார் தீர்ப்புச் சொல்வது? பட்டம் வாங்கியவர் நான்கு வருஷத்தில் பஸ் ஏறிவிட்டார். கடைக்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

5. வெறுப்பை வளர்க்கிறதாம்.

இதில் பாதிக்கு நான் பணிந்துதான் ஆகவேண்டும். மாணவர் கேலரிகளில் எழும் சில கோஷங்களைக் குழந்தைகளின் காதில் விழவிடக்கூடாது. மிஷிகனின் யோஸ்ட் அரங்கில், எதிரணி ஆட்டக்காரர் பெனால்டி பெட்டிக்குப் போகும்போது கூவும் வசைப்பட்டியலைக் கைவிடும்படி கோச் ரெட் பெரன்சனே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மீன் எறிவது வேடிக்கைதான்; ஆனால் பனித்தளத்தில் ஒட்டிக்கிடக்கும் செதிலில் ஸ்கேட் தடுக்கி ஒருவர் விழுந்தால் வேடிக்கை போய்விடும். ஆட்டம் தொடங்கிய பின் எறிந்தால் சொந்த அணிக்கே பெனால்டி விழலாம் என்பது சரியான ஏற்பாடு.

கோஷங்களைவிடக் கனமான கேஸ் ஒன்று இருக்கிறது. நேர்மையான எதிராளி அதைத்தான் எடுத்துவைக்க வேண்டும். நார்த் டகோட்டா பல்கலைக்கழக அணிக்கு ‘ஃபைட்டிங் சூ’ என்று பெயர் இருந்தது. சூ என்பது அந்த மண்ணின் பழங்குடி மக்கள். அந்தப் பெயரை மாற்ற வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்து அரங்கம் கட்டிக்கொண்டிருந்த ரால்ஃப் எங்கல்ஸ்டாட், லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி அதிபர், அதே அணியின் முன்னாள் கோல்கீப்பர், 2000 டிசம்பரில் ஒரு கடிதம் எழுதினார்: பெயரை மாற்றினால் கட்டடத்தைப் பாதியில் விட்டுவிடுவேன் என்பது சாரம். மாநிலக் கல்வி வாரியம் மறுநாளே பெயரைக் காப்பாற்றித் தந்தது. பிற்பாடு எடுக்கவே முடியாதபடி, ஆயிரக்கணக்கில் அந்தச் சின்னத்தை அரங்கம் முழுக்கப் பதித்தும் வைத்தார்கள். ரசிகர்களில் பலர் கைதட்டினார்கள். பழங்குடியினருக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது என்பது உண்மை. அதைத் தங்களுக்குச் சாதகமாக வளைத்தவர்கள் ரசிகர்கள் என்பதும் உண்மை. வெட்கப்பட வேண்டிய விஷயம்; பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2005இல், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. இத்தகைய பெயர்களுக்குக் கடிவாளம் போட்டது. இழுபறி தொடர்ந்து 2012 ஜூனில் மாநிலம் தழுவிய வாக்கெடுப்பு வரை போனது. ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெயரை விட்டுவிடலாம் என்று வாக்களித்தார்கள். ஹாக்கி மதம் போல இருக்கும் மாநிலம் அது. அந்த வாக்குகளில் ரசிகர்களின் வாக்கு இல்லாமல் அந்த எண்ணிக்கை வந்திருக்காது. பணம் கொடுத்தவர் மிரட்டியதும் வாரியம் மறுநாளே பணிந்தது. ஊர் ஜனங்கள் பன்னிரண்டு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு, கடைசியில் சரியான பக்கம் வந்தார்கள். இன்றும் அந்த அரங்கில் பழைய பெயரைக் கத்துபவர்கள் உண்டு. அவர்கள் தவறு செய்கிறார்கள். அதைத் தவறு என்று அவர்களிடம் சொல்ல உரிமையும் செவிசாய்க்க வைக்கும் தகுதியும் பக்கத்து இருக்கையில் அதே பச்சைச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத்தான் உண்டு. விளையாட்டே பிடிக்காத ஒருவர் தூரத்திலிருந்து சொன்னால் யார் காதில் வாங்குவார்கள்?

தீவிரப் பற்று இருந்தால் வெறுப்பு வந்தே தீரும் என்பதற்கும் நிரூபணம் இல்லை. பாஸ்டனில் பிப்ரவரி மாதத்தின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில் ஊரின் நான்கு பல்கலைக்கழகங்கள் ‘பீன்பாட்’ கோப்பைக்கு மோதும். 1952இல் தொடங்கிய வழக்கம். மற்ற நாட்களில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், சம்பந்திகளாகக்கூட இருப்பவர்கள், அந்த இரண்டு இரவும் எதிரெதிரே உட்கார்ந்து கத்திவிட்டு ஒரே ரயிலில் வீட்டுக்குப் போகிறார்கள்.

6. ரசிகர் வராவிட்டால் என்ன ஆகிவிடும்?

அணி செத்துவிடும். இதை உருவகமாகச் சொல்லவில்லை.

2020 மார்ச்சில் தொற்று வந்தபோது கார்னெல் ஆண்கள் அணி 23 வெற்றி, 2 தோல்வி, 4 சமநிலை என்று நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. ஐம்பது வருஷக் காத்திருப்பு முடியப்போகிறது என்று ரசிகர்கள் நம்பிய சீசன் நடுவழியில் ரத்தானது. அடுத்த சீசனை ஐவி லீக் முழுவதுமாகக் கைவிட்டது. அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் லைனாவில் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் கல்லூரியில் ஒரு ஹாக்கி ஆட்டம்கூடப் பார்க்காதவர்கள். செய்தித்தாளை எப்போது விரிப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே மற்றவர்கள் மிச்சம் இருந்தார்கள். கார்னெல் பணக்கார வீடு, தாங்கிவிட்டது.

எல்லாருக்கும் அந்த வசதி இல்லை. 2020 செப்டம்பரில் அலாஸ்கா ஆங்கரேஜ் பல்கலைக்கழகத்தின் ஹாக்கி அணியை நீக்குவதற்கு நிர்வாகக் குழு வாக்களித்தது. இரண்டு வருஷச் செலவான 30 லட்சம் டாலரைத் திரட்டிக் காட்டினால் பார்க்கலாம் என்றார்கள்; மறுப்பதற்கு அது ஒரு நாகரிகமான வழி. ஊர்க்காரர்களும் பழைய மாணவர்களும் ஓர் ஆண்டுக்குள் திரட்டிக் காட்டினார்கள். 2022-23 சீசனில் அணி மறுபடி தளத்தில் இறங்கியது. பிட்ஸ்பர்க் அருகே ராபர்ட் மோரிஸ் பல்கலைக்கழகம் 2021 மே மாதம் ஆண்கள், பெண்கள் அணி இரண்டையும் ஒரே அறிவிப்பில் மூடியது. பெற்றோரும் ரசிகர்களும் விடவில்லை. பணமும் சேர்ந்தது, நெருக்கடியும் சேர்ந்தது. 2023இல் இரண்டு அணிகளும் திரும்பின. இங்கே பார்வையாளர் யார், அணியை நடத்தியவர் யார்? நிர்வாகம் கைவிட்டது, ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரி தேடிப் போக வேண்டியிருந்தது. அணி என்று சொல்ல அந்த மாதங்களில் மிச்சமிருந்தது அதன் ரசிகர்கள் மட்டும்.

எல்லா இடத்திலும் ஜெயித்தார்கள் என்று சொல்லவில்லை. அலபாமா ஹன்ட்ஸ்வில், தெற்கே, பனி அரிதான ஊர். 2007, 2010 இரண்டு முறை தேசியப் போட்டிக்கு வந்த அணி. 2011இல் ஒருமுறை மூடப் பார்த்தார்கள், ரசிகர்கள் காப்பாற்றினார்கள். 2020 மே மாதம் மறுபடி மூடினார்கள். சில நாட்களில் 5 லட்சம் டாலருக்கு மேல் திரண்டு, அணி திரும்ப வந்தது. ஆனால் அது ஆடிய லீக்கிலிருந்து ஏழு கல்லூரிகள் விலகிப்போய் 2021இல் தங்களுக்கென்று தனி லீக் அமைத்துக்கொண்டன. ஹன்ட்ஸ்வில்லை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021 மே மாதம் அணி நிறுத்தி வைக்கப்பட்டது, இன்றுவரை ஆடவில்லை. ரசிகர்கள் கொடுத்த பணம் ஒரு சீசனை ஆடவைத்தது. அடுத்த சீசனுக்குத் தேவைப்பட்டது பணமில்லை, ஒரு லீக்கில் ஓர் இடம். அதைத் தரும் அதிகாரம் கேலரியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் இல்லை. அதிகாரம் இருந்தவர்கள் தரவில்லை.